ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் ஒன்று தாவரத்தின் சிறு ஆர்என்ஏ உற்பத்தியை எங்கே தொடுகிறது? பொதுத் தரவை வைத்து மடிக்கணினியில் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து இருப்பார்கள். சாம்பல்தீவு, மூதூர், நிலாவெளி என்று பல பக்கத்திலிருந்து வருகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவர்கள். ஆர்என்ஏ வரிசை வாசிக்கும் இயந்திரம் எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆனால் உலகின் ஆய்வுகூடங்கள் வாசித்து முடித்த கோப்புகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. திருகோணமலையில் இருக்கிற பிள்ளைக்கும் அதே கோப்புத்தான், அதே வரிகள்தான்.

கீழே இருக்கும் ஒழுங்கு, அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தடக்கிய இடங்களைப் பார்த்து அமைத்தது. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்கு ஓடினால் பிழை உடனே தெரியாது. மூன்று படி கழித்து, அழகான ஒரு வரைபடமாக வந்து நிற்கும். அதனால் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. முதலில் உற்பத்தி வரிசையைத் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்குமுன் இதைச் செய்ய வேண்டும். எந்தப் புரதம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் தரவைப் பார்த்தால், "கூடியது", "குறைந்தது" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது.

தாவரக் கலத்தின் கருவுக்குள் ஆர்என்ஏ பொலிமரேஸ் 2 ஒரு நீண்ட பிரதியை எடுக்கிறது. இதை இங்கே முதல்நிலைப் பிரதி என்று சொல்கிறேன். அதன் ஒரு பகுதி தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி போலாகிறது. டிசிஎல்1 என்ற நொதியம் அந்த ஊசியின் தண்டை வெட்டி, பெரும்பாலும் 21 நியூக்கிளியோரைட்டு நீளமுள்ள இரட்டைத் துண்டை எடுக்கிறது.

வெட்டுவது டிசிஎல்1 என்றாலும் அது தனியாக நிற்பதில்லை. எச்வைஎல்1 என்ற புரதம் இரண்டு இரட்டையிழை ஆர்என்ஏ பிணைப்புப் பகுதிகளைக் கொண்டது. செரேட் என்பது துத்தநாக விரல் புரதம். இவை இரண்டும் டிசிஎல்1 உடன் சேர்ந்து நின்று வெட்டின் வேகத்தையும் இடத்தையும் சரியாக்குகின்றன. டஃப், டோடில் என்ற புரதங்களும் முதல்நிலைப் பிரதியோடு பிணைகின்றன. பிரதியின் 5' முனையிலுள்ள தலைமூடியைப் பிடிக்கும் சிபிபி20, சிபிபி80 இணையும் இந்த வேலையில் பங்கெடுக்கிறது. வெட்டிய துண்டின் 3' முனைகளில் ஹென்1 மெதைல் கூட்டம் ஒட்டிப் பாதுகாக்கிறது. கடைசியில் ஓரிழை, இலக்கு ஆர்என்ஏயை அடக்கும் ஆர்கோநோட்1 என்ற புரதத்தில் ஏறுகிறது. அந்த இழைதான் முதிர்ந்த மைக்ரோ ஆர்என்ஏ. மிர்166 போல 'மிர்' என்று தொடங்கும் பெயர்கள் இவற்றுக்குரியவை. மற்ற இழையை நட்சத்திர இழை என்பார்கள்.

தாளில் நான்கு பெட்டி போடுங்கள்: பிரதி எடுத்தலும் நிலைத்தலும், வெட்டும் வேகம், வெட்டும் இடம், வெட்டிய பின் பாதுகாப்பும் ஏற்றமும். புரதம் ஒன்று இல்லாமல் போனால் எந்தப் பெட்டி பிசகுகிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பெட்டியும் தரவில் வேறு வேறு தடம் விடும்.

2. தயாராக வைத்திருக்க வேண்டியவை

8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும். நாம் எடுக்கும் செடி அரபிடொப்சிஸ், ஆய்வுகூடங்கள் மாதிரித் தாவரமாக வளர்க்கும் சிறு செடி. அதன் ஜீனோம் ஏறத்தாழ 12 கோடி எழுத்துத்தான், 5 நிறமூர்த்தங்களில் இருக்கிறது. வட்டில் 50 ஜிபி அளவு இடம் காலியாக வையுங்கள். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் நிறுவி அதற்குள் லினக்ஸில் வேலை செய்யுங்கள். மென்பொருள்களைக் கொண்டா என்ற நிறுவு கருவியின் வழியாக, இந்த வேலைக்கென்று தனிச் சூழல் ஒன்று உருவாக்கி நிறுவினால் ஒன்றின் பதிப்பு மற்றதைக் குழப்பாது.

தேவைப்படுபவை: வாசிப்பின் தரம் பார்க்க ஃபாஸ்ட்கியூசி, அடாப்டர் வெட்ட கட்அடாப்ட், ஜீனோமில் பொருத்த போடை (இரண்டாம் பதிப்பு அல்ல, முதலாவது), சிறு ஆர்என்ஏ வரும் இடங்களைக் கண்டெடுக்க ஷார்ட்ஸ்டேக், கண்ணால் பார்க்க ஐஜிவி, அளவு மாற்றத்தைக் கணிக்க ஆர் மொழியில் டிஇசெக்2. கோப்புகளில் அரபிடொப்சிஸ் ஜீனோமின் டெயார்10 பதிப்பும், மைக்ரோ ஆர்என்ஏக்களின் தரவுத்தளமான மிர்பேஸிலிருந்து அதே தாவரத்தின் கொண்டை ஊசி வரிசைகளும், முதிர்ந்த மைக்ரோ ஆர்என்ஏ வரிசைகளும், அவற்றின் இடங்களைச் சொல்லும் கோப்பும் வேண்டும்.

இரண்டு சின்னப் பிழைகள் இங்கேயே காத்திருக்கின்றன. மிர்பேஸில் வரிசைகள் யூ எழுத்தோடு இருக்கும், வாசிப்புக் கோப்பிலோ டி எழுத்தோடு இருக்கும். மாற்றாமல் தேடினால், யூ இல்லாத வரிசை அரிது என்பதால் எதுவுமே கிடைக்காது. பிள்ளைகள் "மைக்ரோ ஆர்என்ஏ இல்லை" என்று எழுதிவிடுவார்கள். மற்றது நிறமூர்த்தத்தின் பெயர். ஒரு கோப்பில் வெறும் 1 என்றும் மற்றதில் சிஎச்ஆர்1 என்றும் இருக்கும். இரண்டையும் தொடங்குமுன் ஒன்றாக்குங்கள்.

இங்கே கரண்ட் போவதும் இணைப்பு அறுவதும் புதிதில்லை. ஆகவே எஸ்ஆர்ஏ என்ற பொதுக் களஞ்சியத்தின் கோப்புகளை ப்ரீஃபெட்ச் என்ற கருவி கொண்டு இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐரோப்பிய ஈஎன்ஏ களஞ்சியத்தில் அதே கோப்பு சுருக்கிய ஃபாஸ்ட்கியூ வடிவில் நேரடியாகக் கிடைக்கும், விரிக்கும் வேலை மிச்சம். இறக்கிய பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பாதியில் அறுந்த கோப்பும் திறக்கும், எண்ணும் தரும்.

3. தரவைத் தெரிவு செய்தல்

பழகுவதற்கு மரபணு கெட்டு எச்வைஎல்1 ஐ இழந்த செடியையும் (விகாரி), மாற்றமில்லாத கொலம்பியா என்ற இயல்பான வகையையும் (காட்டு வகை) ஒன்றாக வாசித்த தொகுப்பு ஒன்றை எடுங்கள். காரணம் இருக்கிறது. டிசிஎல்1 முழுதாக இல்லாத செடி முளையப் பருவத்திலேயே இறந்துவிடும். அதனால் டிசிஎல்1 தரவு பெரும்பாலும் பலவீனமான விகாரிகளிலிருந்தே வருகிறது. எச்வைஎல்1 இல்லாத செடியோ வளர்கிறது. அதன் இலைகள் மேல்நோக்கிச் சுருளும், அந்தச் சுருளலே அதற்குப் பெயராயிற்று. பிழை வலுவாகத் தெரியும் செடி, உயிரோடும் இருக்கும்: கற்பதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

தொகுப்பின் விபரப் பக்கத்தில் ஐந்து விடயத்தைத் தாளில் எழுதுங்கள்: இழையம், செடியின் வயது, அறுவடை செய்த நேரம், ஒவ்வொரு வகைக்கும் எத்தனை தனி மாதிரி, எந்த அடாப்டர் (வாசிப்பதற்காகத் துண்டின் முனையில் ஒட்டும் செயற்கைத் துண்டு). ஒரு வகைக்கு 3 மாதிரியாவது இல்லாத தொகுப்பைப் பயிற்சிக்கு எடுக்கலாம், முடிவு எழுத எடுக்கக்கூடாது.

நேரம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எச்வைஎல்1 புரதம் இருட்டில் சிதைக்கப்படுகிறது. வெளிச்சத்தில் கொப்1 என்ற புரதம் அதைக் காப்பாற்றுகிறது. ஜிஆர்பி7 என்ற இன்னொரு ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் உடற்கடிகாரத்தோடு ஏறி இறங்கி, மாலைப்பக்கம் உச்சத்துக்கு வருகிறது. காட்டு வகையைக் காலையிலும் விகாரியை மாலையிலும் வெட்டியிருந்தால், நீங்கள் காண்பது விகாரத்தின் விளைவா, பொழுதின் விளைவா என்று பிரிக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட தொகுப்பை விட்டுவிடுங்கள்.

இழையமும் அப்படியே. ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் இலையும் இருந்தால் ஒப்பீடே தொடங்கவில்லை.

4. அடாப்டரை வெட்டுதல்

தடக்கல் அதிகம் விழுவது இங்கேதான்.

மூதூரிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பினாள். "அண்ணா, என்ட ரீட் எல்லாம் ஒரே நீளமா நிக்குது. எல்லாம் 50." நீளப் படத்தில் 50க்கு நேரே ஒரேயொரு கம்பம், மற்ற இடமெல்லாம் வெறுமை. நான் பதில் சொல்லாமல், கோப்பின் முதல் பத்து வரியை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடச் சொன்னேன். ஒவ்வொரு வரியின் தொடக்கமும் வேறு வேறாக இருந்தது. இருபதாவது எழுத்துக்குப் பக்கத்தில் எல்லா வரியிலும் ஒரே பாட்டு வந்தது: டி-ஜி-ஜி-ஏ-ஏ-டி-டி-சி-டி-சி. விரலால் ஒவ்வொரு வரியிலும் அதைத் தொட்டுக்கொண்டு போனாள். ஒரு வரியில் 22ஆம் எழுத்தில் தொடங்கியது, அடுத்ததில் 25ஆம் எழுத்தில். "அப்ப இதுக்கு முன்னுக்கு இருக்கிறதுதான் செடியின்ட துண்டு." அதுதான். இயந்திரம் 50 எழுத்து வாசிக்கிறது, செடியின் துண்டு 21 அல்லது 24. மிச்சம் எல்லாம் ஒட்டுத் துண்டு.

இந்தச் சோதனையை எல்லோரும் கண்ணால் செய்யுங்கள். இல்லுமினாவின் ட்ரூசெக் சிறு ஆர்என்ஏ அடாப்டர் மேலே சொன்ன எழுத்துகளோடு தொடங்கும். வேறு சில தயாரிப்புகளில் ஏ-ஜி-ஏ-டி-சி-ஜி-ஜி-ஏ-ஏ-ஜி-ஏ-ஜி-சி என்று வரும். விபரப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பிப் போகாமல் கோப்பில் இருப்பதைப் பாருங்கள்.

கட்அடாப்டுக்குக் கொடுக்கும் கட்டளையில் இரண்டு விடயம் கட்டாயம். அடாப்டர் காணப்படாத வரிகளை எறியச் சொல்லுங்கள். 21 எழுத்துத் துண்டு என்றால் அடாப்டர் வந்தே ஆகவேண்டும், வராத வரி சிறு ஆர்என்ஏ அல்ல. அடுத்து, 18க்குக் குறைந்தவற்றையும் 30க்கு மேற்பட்டவற்றையும் நீக்குங்கள். 18க்குக் கீழே போனால் ஒரு துண்டு ஜீனோமில் தற்செயலாகவே பல இடங்களில் பொருந்தத் தொடங்கும்.

சில தயாரிப்புகள் துண்டின் இரு பக்கமும் 4 எழுத்துகளைத் தாறுமாறாகச் சேர்க்கும். அந்தக் கோப்பில் அடாப்டரை வெட்டியபின் உச்சங்கள் 21, 24 இல் வராமல் 29, 32 இல் வரும். அதைக் கண்டால் பதறாமல், இரு பக்கமும் நாலு நாலு எழுத்து வெட்டிய பிறகே நீள வடிகட்டலைப் போடுங்கள். ஒழுங்கு மாறினால் 32 எழுத்துத் துண்டுகள், அதாவது உங்கள் 24கள் எல்லாம், சத்தமில்லாமல் குப்பைக்குப் போய்விடும்.

5. நீளப் படத்தைப் பார்க்காமல் நகராதீர்கள்

வெட்டிய கோப்பில் 18 முதல் 30 வரை ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை வரி என்று எண்ணி வரையுங்கள். அரபிடொப்சிஸ் காட்டு வகையில் இரண்டு மேடு தெரிய வேண்டும்: 21இல் ஒன்று, 24இல் ஒன்று. 21 பெரும்பாலும் டிசிஎல்1 உம் அதன் இன நொதியமான டிசிஎல்4 உம் வெட்டியவை. 24 டிசிஎல்3 வெட்டிய சிஆர்என்ஏக்கள் என்ற இன்னொரு வகைச் சிறு ஆர்என்ஏக்கள், ஜீனோமில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை அடக்கி வைப்பவை. டிசிஎல்2 வெட்டினால் 22.

மேடுகளே இல்லாமல் சரிவாக ஓடினால் ஆர்என்ஏ சிதைந்த மாதிரி அது. அங்கே ரைபோசோம் ஆர்என்ஏயும் டிஆர்என்ஏயும் உடைந்த துண்டுகள்தான் நிறைந்திருக்கும். மனம் வராவிட்டாலும் அந்த மாதிரியை ஒதுக்குங்கள்.

எச்வைஎல்1 விகாரியில் 21 மேடு தாழ்ந்திருக்கும், 24 நிற்கும். இதைக் கண்டதும் முடிவு கிடைத்துவிட்டது என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது வாசற்படிதான். நீளத்தை வைத்து வகை பிரிப்பதும் முழுச் சரியல்ல: மிர்163 என்ற மைக்ரோ ஆர்என்ஏ 24 எழுத்து நீளம், மிர்173 22 எழுத்து.

6. ஜீனோமில் பொருத்துதல்

போடையின் முதற் பதிப்பைச் சொன்னதற்குக் காரணம், அது குறுந்துண்டுகளை இடைவெளி விடாமல் பொருத்துவது. 21 எழுத்தில் இடைவெளி அனுமதித்தால் எது வேண்டுமானாலும் எங்கேயும் பொருந்தும். பொருத்தமின்மை முதலில் 0 என்று வையுங்கள்.

ஆனால் ஹென்1 விகாரியைப் படிக்கிறீர்கள் என்றால் 0 உங்களைக் கெடுக்கும். அங்கே பாதுகாப்பில்லாத 3' முனைகளில் யூ எழுத்துகள் வாலாகச் சேர்க்கப்படுகின்றன. ஜீனோமில் இல்லாத அந்த வால் இருப்பதால் துண்டு பொருந்தாமல் விழுந்துவிடும், மைக்ரோ ஆர்என்ஏ மறைந்தது போலத் தோன்றும். நான்காவது பெட்டியைச் சந்தேகிக்கும்போது 3' முனையை ஓரிரு எழுத்தாகக் கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள்.

ஒரே துண்டு பல இடங்களில் பொருந்துவது அடுத்த சிக்கல். மிர்166 ஐ அரபிடொப்சிஸில் 7 இடங்கள் தருகின்றன, ஏழிலும் முதிர்ந்த வரிசை ஒன்றே. மிர்165 உம் அதற்கு ஒரேயொரு எழுத்துத்தான் வேறுபாடு, 17ஆம் இடத்தில். பல இடத்தில் பொருந்துபவற்றை எறிந்தால் மிர்166 முழுவதும் போய்விடும். எல்லா இடத்திலும் எண்ணினால் ஏழு மடங்காகும். ஷார்ட்ஸ்டேக் அக்கம்பக்கத்தில் தனித்துப் பொருந்திய துண்டுகளைப் பார்த்து, எந்த இடத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும். அதையே பயன்படுத்துங்கள். பழகும்போது மிர்173, மிர்403 போல ஒரே இடத்திலிருந்து வருபவற்றோடு தொடங்குங்கள்.

7. எண்ணும்போது எதால் வகுக்கிறீர்கள்?

பத்து இலட்சம் வாசிப்புக்கு எத்தனை என்று வகுத்துச் சொல்வது வழக்கம். நமது கேள்விக்கு அதில் ஒரு குழி இருக்கிறது.

கணக்கை எளிதாக்கிச் சொல்கிறேன். காட்டு வகையில் 100 துண்டு. அதில் 20 மைக்ரோ ஆர்என்ஏ, 60 சிஆர்என்ஏ, 20 மற்றவை. விகாரியில் மைக்ரோ ஆர்என்ஏ 5 ஆகக் குறைந்தது, மற்றவை எதுவும் மாறவில்லை. இப்போது மொத்தம் 85. அதில் சிஆர்என்ஏ 60 என்பது 71 சதவீதம். முன்பு 60 சதவீதம். செடியில் ஒன்றும் நடக்காமலே சிஆர்என்ஏ கூடிவிட்டது! "எச்வைஎல்1 சிஆர்என்ஏயை அடக்குகிறது" என்று இதை வைத்து இரண்டு பக்கம் எழுதிய பிள்ளை ஒருவரும் எங்கள் விறாந்தையில் இருந்தார்.

டிஇசெக்2 வேறு வகையில் ஏமாற்றும். பெரும்பாலானவை மாறவில்லை என்பது அதன் அடிப்படை எடுகோள். மைக்ரோ ஆர்என்ஏக்களை மட்டும் அதற்குக் கொடுத்தால் எடுகோள் உடைகிறது, ஏனென்றால் அவை கிட்டத்தட்ட எல்லாமே குறைந்திருக்கின்றன. விளைவாக, குறைவாகக் குறைந்தவை கூடியவை போல வரும். ஷார்ட்ஸ்டேக் கண்ட எல்லாக் கூட்டங்களையும் (துண்டுகள் குவிந்து பொருந்திய இடங்கள்), 24 எழுத்துச் சிஆர்என்ஏக் கூட்டங்களையும் சேர்த்து, ஒரே அட்டவணையாகக் கொடுங்கள். வாசிப்புக்கு ஆர்என்ஏ மாதிரியைத் தயாரிக்கும்போதே வெளி ஆர்என்ஏ தெரிந்த அளவில் சேர்த்த தொகுப்புக் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு.

8. வெட்டு எங்கே விழுந்திருக்கிறது?

இந்த வழிகாட்டியை நான் எழுதியதே இந்தப் படிக்காகத்தான். ஆர்என்ஏ பிணைப்புப் புரதத்தைப் படிக்கும்போது அளவை மட்டும் பார்க்கிறவர் பாதியைத் தவறவிடுகிறார். 2008இல் நினா ஃபெடராஃபின் குழு சோதனைக் குழாயில் காட்டியது இது: டிசிஎல்1 தனியாகவே முதல்நிலைப் பிரதியை வெட்டும், ஆனால் மெதுவாகவும் இடம் தவறியும் வெட்டும். எச்வைஎல்1, செரேட் இரண்டும் சேரும்போது வெட்டு விரைவாகவும் உரிய இடத்திலும் விழுகிறது. அதனால் எச்வைஎல்1 இல்லாத செடியில் குறைவை மட்டுமல்ல, இடப்பிசகையும் தேட வேண்டும்.

இடப்பிசகு ஏன் பெரிய விடயம்? மிர்166 இன் தொடக்கம் யூ-சி-ஜி-ஜி-ஏ-சி. வெட்டு இரண்டு எழுத்து உள்ளே தள்ளி விழுந்தால் தொடக்கம் ஜி-ஜி-ஏ-சி ஆகிவிடும். ஆர்கோநோட்1 5' முனையில் யூ உள்ளதை விரும்பி ஏற்றுகிறது. யூ போனால் ஏற்றம் கெடும். ஏறினாலும், இலக்கைப் பிடிக்கும் எழுத்துகள் இரண்டிடம் நகர்ந்துவிட்டன. எண்ணிக்கையில் இந்தத் துண்டும் மிர்166 ஆகவே எண்ணப்படும், வேலையில் அது மிர்166 அல்ல.

செய்முறை இது. ஒரு கொண்டை ஊசியை எடுங்கள். அதே இழைத்திசையில் அதில் பொருந்திய 20 முதல் 24 வரையான துண்டுகள் எல்லாவற்றையும் எண்ணுங்கள், அது கீழெண். மிர்பேஸ் சொல்லும் முதிர்ந்த வரிசையின் 5' முனையில் சரியாகத் தொடங்கும் துண்டுகளோடு, நட்சத்திர இழையின் சரியான 5' முனையில் தொடங்குவனவற்றையும் கூட்டுங்கள், அது மேலெண். இந்த விகிதத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாகக் கணியுங்கள். மாதிரிகளை ஒன்றாகக் கொட்டிக் கணித்தால் மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஆடுகிறது என்பது தெரியாது.

2018இல் மைக்கேல் அக்ஸ்டெலும் பிளேக் மையர்ஸும் வெளியிட்ட அளவுகோல், ஓர் எழுத்து நகர்ந்தவற்றையும் சரியானவையாகச் சேர்த்து, குறைந்தது 75 சதவீதம் வேண்டும் என்கிறது. அது புதிய மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றை அங்கீகரிப்பதற்கான அளவுகோல், அந்த வேலைக்குச் சரியானது. நமது கேள்வி வெட்டின் துல்லியம் என்பதால் ஓர் எழுத்து நகர்வையும் பிழையாகவே எண்ணுங்கள். இல்லாவிட்டால் தேடி வந்ததையே வடிகட்டி எறிந்துவிடுவோம்.

3' முனையை நம்பாதீர்கள். அது வெட்டிய பின்னும் தேயும், வால் முளைக்கும். 5' முனைதான் வெட்டின் சாட்சி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடியிலிருந்து கொண்டையை நோக்கி வெட்டப்படும் ஊசிகளில், முதல் வெட்டு இடது கரத் (தண்டின் 5' பக்கத்து இழை) துண்டின் 5' முனையை உருவாக்குகிறது. வலது கரத் துண்டின் 5' முனை இரண்டாவது வெட்டால் வருவது. மிர்166 வலது கரத்தில் இருக்கிறது. ஆகவே அதன் முதல் வெட்டைப் பார்க்க, மிர்166 ஐ விட்டு நட்சத்திர இழையின் 5' முனையைப் பாருங்கள்.

மூன்று ஊசிகளில் அவசரப்படாதீர்கள். மிர்159, மிர்319 இரண்டும் கொண்டையிலிருந்து அடியை நோக்கி, பல வெட்டாக வெட்டப்படுபவை. காட்டு வகையிலேயே தண்டிலிருந்து வேறு துண்டுகளும் வரும். மிர்161 ஒரே ஊசியிலிருந்து ஒன்றையொன்று தழுவிய இரண்டு முதிர்ந்த துண்டுகளைத் தருவது. இவற்றின் விகிதம் இயல்பாகவே குறைவு, அதைப் பிசகு என்று எழுதக்கூடாது. எப்போதும் விகாரியைக் காட்டு வகையின் அதே ஊசியோடு ஒப்பிடுங்கள்.

கீழெண் மிகச் சிறிதானால் விகிதம் குதிக்கும். விகாரியில் 4 துண்டுதான் இருக்கிறது, 3 சரி என்றால் அதை 75 சதவீதம் என்று சொல்ல முடியாது. ஒரு மாதிரியில் 50 துண்டுக்குக் குறைந்த ஊசிகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் பட்டியல் குறுகும், குறுகட்டும்.

விகிதம் கிடைத்ததும் ஐஜிவியில் ஐந்தாறு ஊசிகளைக் கண்ணால் பாருங்கள். காட்டு வகையில் துண்டுகள் செங்கல் அடுக்கியது போல ஒரே ஓரத்தில் நிற்கும். விகாரியில் அந்த ஓரம் கலைந்து, படிக்கட்டு போல் நகர்ந்திருக்கும். மூதூர்த் தங்கச்சி அந்தக் கலைந்த ஓரத்தைக் கண்டபோது எழுந்தே நின்றுவிட்டாள். ஒரு புரதம் இல்லாமல் போனதை, புரதத்தைத் தொடாமலே எழுத்துகளின் விளிம்பில் பார்ப்பது அது.

9. முதல்நிலைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

முதிர்ந்தது குறைந்தால் காரணம் இரண்டு திசையில் இருக்கலாம். பிரித்தறிய முதல்நிலைப் பிரதி வேண்டும். அதற்குத் தலைமூடியும் பொலிஏ வாலும் இருப்பதால், அதே ஆய்வின் வழக்கமான தூது ஆர்என்ஏ தொகுப்பில் அது இருக்கும்.

முதிர்ந்தது குறைந்து பிரதி கூடினால் வெட்டில் தடை. எச்வைஎல்1, செரேட், டிசிஎல்1 விகாரிகளில் காண்பது இது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் பிரதி எடுத்தல் குறைந்ததாக உடனே எழுதிவிடாதீர்கள். டோடில் இல்லாதபோதும் இரண்டும் குறைகின்றன, அங்கே கெடுவது பிரதியின் நிலைத்தல். எடுத்தலா நிலைத்தலா என்பதை இந்தத் தரவால் மட்டும் தீர்க்க முடியாது, அப்படியே எழுதுங்கள்.

எண்ணும்போது பிரதி முழுவதையும் எண்ணாமல், வெட்டு விழும் இடத்தைக் குறுக்கே தாண்டும் வாசிப்புகளை எண்ணுங்கள். வெட்டிய பின் மிஞ்சும் முன்பகுதியும் பின்பகுதியும் கொஞ்ச நேரம் கலத்தில் கிடக்கும். அவற்றையும் சேர்த்தால், வெட்டப்பட்டதை வெட்டப்படாததாக எண்ணுவோம்.

செரேட், சிபிபி20, சிபிபி80 மூன்றும் இன்ட்ரன் நீக்கத்திலும் வேலை செய்கின்றன. அவற்றின் விகாரிகளில் பிரதி "கூடியது" என்று தோன்றுவதில் ஒரு பகுதி, நீக்கப்படாத இன்ட்ரன்களாக இருக்கலாம். இன்ட்ரன் விளிம்பைத் தனியாகப் பாருங்கள்.

10. நேரடியா, வழிவந்ததா?

இவ்வளவும் சரியாக வந்த பின்னும், புரதம் அந்தப் பிரதியைத் தொட்டது என்பதற்குச் சான்று இன்னும் இல்லை. புரதத்தோடு ஒட்டிய ஆர்என்ஏயைப் பிடித்து வாசித்த தரவு வேண்டும். ஜிஆர்பி7 இல் நடந்ததை மாதிரியாக எடுங்கள். அந்தப் புரதத்தை மிகையாக்கிய செடிகளில் சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் குறைந்தன, அவற்றின் முதல்நிலைப் பிரதிகள் கூடின. அதோடு நிற்காமல், உயிருள்ள செடியில் புரதம் அந்தப் பிரதிகளோடு பிணைந்திருப்பதையும் 2014இல் காட்டினார்கள். அளவு, பிரதி, பிணைப்பு என்ற மூன்றும் சேர்ந்த பிறகே "நேரடி" என்ற சொல்லை எழுதலாம்.

வழிவந்த விளைவுகளில் அதிகம் ஏமாற்றுபவை தாசிஆர்என்ஏக்கள், அதாவது மைக்ரோ ஆர்என்ஏ ஒன்று தொடக்கி வைத்து உருவாகும் சிஆர்என்ஏக்கள். அவற்றை டிசிஎல்4 உம், டிஆர்பி4 என்ற இன்னொரு இரட்டையிழைப் பிணைப்புப் புரதமும் சேர்ந்து செய்கின்றன. ஆனால் தொடக்கி வைப்பது பெரும்பாலும் மிர்173 அல்லது மிர்390. எச்வைஎல்1 இல்லாமல் தொடக்கி குறைந்தால் தாசிஆர்என்ஏயும் குறையும். ஆகவே மைக்ரோ ஆர்என்ஏ அட்டவணை முடிந்த பிறகே தாசிஆர்என்ஏ பக்கம் போங்கள்.

இன்னொன்று, இந்த வழித்தடம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். மிர்162 டிசிஎல்1 இன் தூது ஆர்என்ஏயையும், மிர்168 ஆர்கோநோட்1 இனுடையதையும் அடக்குகின்றன. மைக்ரோ ஆர்என்ஏ குறையும் செடியில் டிசிஎல்1 இன் தூது ஆர்என்ஏ கூடிக் காணப்பட்டால், அது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிடி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

11. நெல்லுக்குப் போகும்போது

தம்பலகாமத்துப் பிள்ளைகள் இரண்டாவது வாரமே கேட்பார்கள், "இதை நெல்லில செய்யேலாதா?" என்று. செய்யலாம், அரபிடொப்சிஸில் ஒருமுறை முழுதாக முடித்த பிறகு. நெல்லின் ஜீனோம் 12 நிறமூர்த்தங்களில், மூன்று மடங்குக்கு மேல் பெரியது. திரும்ப வரும் பகுதிகள் கூட, பல இடத்தில் பொருந்தும் துண்டுகளும் கூட.

கதிரின் தரவை எடுத்தால் 5ஆம் படியில் சொன்ன நீளப் படத்தை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். புல்லினத்தின் மகரந்தப் பையில் மிர்2118 தொடக்கி வைக்கும் 21 எழுத்துத் துண்டுகளும், மிர்2275 தொடக்கி வைக்கும் 24 எழுத்துத் துண்டுகளும் ஏராளமாக உருவாகின்றன. அங்கே 21 மேட்டின் ஏற்ற இறக்கத்தை மைக்ரோ ஆர்என்ஏயின் கணக்கில் எழுத முடியாது. முதலில் நாற்றின் இலைத் தரவை எடுங்கள். ஒரே இடத்திலிருந்து வரும் மைக்ரோ ஆர்என்ஏக்களைத் தனியே பட்டியலிட்டு, 8ஆம் படியை அந்தப் பட்டியலில் ஓட்டுங்கள். கதிர் அதற்குப் பிறகு.